கடைசி ஒரு விரல் மெழுகு

"எட்டு டம்ளர்ல எட்டு விதத் திரி எரிச்சாச்சு டீச்சர். எந்தத் திரின்னு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க."

கஸ்பாருக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் டெல்பினுக்கு முப்பது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், கண்ணாடி டம்ளருக்குள் மெழுகுதிரி ஊற்றுகிறவள். முதல் வாரம் அவர் 'டீச்சர்' என்றது கிண்டலுக்கு. இப்போது கிண்டல் போய், டீச்சர் மட்டும் மிச்சம்.

கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மனைவி பிலோமி இல்லாத முதல் திருநாள். கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் காற்று சும்மா இருக்காது. வெறும் மெழுகுதிரி பூசை முடியுமுன்னே செத்துவிடும். அவள் தலைமாட்டில், தன் கையால் ஊற்றிய டம்ளர் ஒன்று கடைசிவரை நின்று எரிய வேண்டும்.

அவர் கேட்டது அவ்வளவுதான்.

அது லேசில் கிடைப்பதாக இல்லை. திரி மெலிந்தால் நடுவில் குழி பறித்துத் தன் மெழுகிலேயே மூழ்கியது. தடித்தால் கரியைக் கக்கியது. எந்த டம்ளருக்கு எந்தத் திரி என்பதை எரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திரிக் கடைக்காரரோ, கொளுத்தினால் எரியும், ஊதினால் அணையும், இதில் என்ன ஆராய்ச்சி என்று மூக்கால் பேசி அனுப்பியிருந்தார்.

டெல்பின் கையை நீட்டினாள். கஸ்பார், வீட்டில் எரித்துப் பார்த்துக் குறித்த நோட்டைக் கொடுத்தார்.

அரை மணிக்கு ஒரு வரி. மெழுகு எவ்வளவு அகலம் உருகியது, சுடர் ஆடியதா, டம்ளர் சுட்டதா, எல்லாம் முத்து முத்தாக. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை மட்டும் அவள் படித்தாள். அவர் குரலிலேயே, அவர் தொண்டைச் செருமலோடு.

"ஒண்ணாவது டம்ளர். ஒரு விரல் மெழுகு மிச்சம். மழை வந்தது, அணைத்தேன். மூணாவது. ஒரு விரல் மிச்சம். மீன்காரி வந்தாள், அணைத்தேன். அஞ்சாவது. ஒரு விரல் மிச்சம். கரண்ட் போனது, அணைத்தேன்."

நிமிர்ந்தாள்.

"கரண்ட் போனா மெழுகுதிரியை அணைக்கிற மனுசரை இப்பத்தான் பாக்கேன் அண்ணாச்சி."

கஸ்பார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசி ஒரு விரல்ல என்ன ஆகும்?"

"என்ன ஆகும், அணையும். அதை யாரு பாக்கப் போறா? பூசை முடிஞ்சா சனம் வீட்டுக்குப் போயிரும்."

"எல்லாரும் போனப்புறமும் அது அங்கதான எரியும்."

அவர் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினார். எழுந்து போகிற நேரத்தில் அப்படிச் சுற்றுவது அவர் பழக்கம்.

அவர் பையிலிருந்து, ஒரு விரல் மிச்சமிருந்த எட்டாவது டம்ளரை எடுத்து டெல்பின் கொளுத்தினாள். அப்போது மணி பதினொன்று. மெழுகு உருகித் தளும்பியதும், அவர் விரலிலிருந்து சாவியைக் கழற்றி உள்ளே போட்டாள்.

அது முங்கிப்போனது.

"ஊதி அணைச்சா மெழுகு இறுகிரும். எரிஞ்சு தீந்தாத்தான் சாவி."

கஸ்பார் ஒரு கரண்டிக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். கரண்டிகள் எல்லாம் அவள் மடியில் இருந்தன.

பன்னிரண்டு மணி. ஒரு மணி.

மெழுகு வற்ற வற்றச் சுடர் உயர்ந்தது. அடங்கிப்போகும் என்று நினைத்திருந்தார். அது டம்ளரின் உள்பக்கத்தைக் கரியால் பூசிக்கொண்டு துடித்தது. கண்ணாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

அவர் கால்கள் தாமாக எழுந்தன. வாசல்வரை போனார். வெளியே வெயிலில் ஸ்கூட்டர் நின்றது.

டெல்பின் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பதினோரு நாள் ஆஸ்பத்திரில அவ பக்கத்துலயே இருந்தேன் டீச்சர். பன்னெண்டாம் நாள் மத்தியானம், இனி நேரம் இல்லன்னு நர்ஸ் சொல்லிச்சு. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்னு போனேன். இந்த ஸ்கூட்டர்லதான். திரும்பி வரும்போது மெத்தையில புது விரிப்பு."

டெல்பின் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டம்ளரைத் தொடுங்க."

தொட்டார்.

"எப்படி?"

"தாங்கல."

"எழுதுங்க."

எழுதினார். எழுத்து முத்தாக வரவில்லை.

மூன்று மணிக்குத் திரி சாய்ந்தது. சுடர் நீலமாகிப் படுத்தது. அணைந்ததோ என்று குனிந்தால் இன்னும் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு நூல் புகை.

டம்ளரின் அடியில் கீறல் ஓடியிருந்தது.

"இந்தத் திரி வேண்டாம்," என்றாள் டெல்பின். குறட்டால் சாவியை எடுத்து, துணியில் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது.

பிறகு கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி."

கஸ்பார் வாசலைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து மற்ற டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினார். ஏழு. எல்லாவற்றிலும் ஒரு விரல்.

"தீப்பெட்டி எங்க டீச்சர்?"