வெயிலு வடிய வாய்க்கா வெட்டின கதை

வாங்க, எல்லாரும் இப்படி வந்து உக்காருங்க. மழை வரும்னு டிவியில சொன்னான்னு ஸ்கூலுக்கு லீவு விட்டுட்டாங்க, வெளியில பாத்தா வடாம் காயப் போடுற மாதிரி வெயிலு அடிக்குது. சிரிக்காதீங்கடா. பாவம், அவன் தனக்குத் தெரிஞ்சதச் சொன்னான், தப்பாப் போச்சு. தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் சொன்னவன் ஒருத்தன் இருந்தான், அவன் கதையச் சொல்றேன். ஊங் கொட்டணும், கொட்டலேன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. பெரிய ராஜால்லாம் இல்ல, ஏழே ஏழு ஊரு, ஒரே ஒரு யானை, அதுவும் பல்லு போன கிழட்டு யானை. ஆத்தங்கரைச் சீமை, எந்தப் பக்கம் திரும்புனாலும் வயலு. அந்த ராஜா காலையில எந்திரிச்சு வாய் கொப்புளிச்சதும் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேப்பாரு. "அறுப்பு எம்புட்டு ஆச்சு? வானம் எப்படி இருக்கு?" வேற நாட்டு ராஜா எல்லாம் எதிரி எங்க வர்றான்னு கேப்பான், இவரு மேகம் எங்க வருதுன்னு கேப்பாரு. நல்ல மனுஷன், ஆனா வானத்த அவரே அண்ணாந்து பாக்க மாட்டாரு, அதுக்குன்னு ஒரு ஆளு வச்சிருந்தாரு.

அந்த ஆளு பேரு கனகசபாபதி. ஊருல எல்லாரும் வானம்பாத்தான்னுதான் கூப்புடுவாங்க. வெறும் பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே கெட்டிக்காரன். காத்து கன்னத்துல பட்டா போதும், எத்தன நாள்ல மழைன்னு சொல்லிடுவான். அந்தச் சீமையில ஒரு வழக்கம் உண்டு. நெல்லு முத்தி நின்னாலும் யாரும் தன் இஷ்டத்துக்கு அருவாள வயல்ல வைக்கக் கூடாது. வானம்பாத்தான் நாள் சொல்லி, அரமனைப் பறை அடிச்ச பொறகுதான் அறுக்கணும். முன்னாடி எப்பவோ ஆளாளுக்கு அவசரப்பட்டுப் பச்ச நெல்ல அறுத்து, ஊரே பதரைத் தின்னுச்சாம், அதுலேருந்து அந்த வழக்கம்.

ஐப்பசி மாசத்துக் குறுவை அறுப்ப நீங்க எங்க பாத்தீங்க. நான் பாத்திருக்கேன். விடிஞ்சும் விடியாம வயல்ல இறங்குனா காலு சில்லுங்கும், அறுத்த தாள்லேருந்து ஒரு வாசனை வரும், பச்சையும் இல்லாம காஞ்சதும் இல்லாம. எங்கம்மா இடுப்புல கஞ்சிச் சட்டியோட வரப்புல நடந்து வருவா. சரி விடு, கதைக்கு வர்றேன்.

அந்த வருஷம் ஏழு ஊரு நெல்லும் ஒண்ணாவே பழுத்துடுச்சு. வானம்பாத்தான் காலையில மாடியில ஏறிப் பாத்தான். வாடைக்காத்து திரும்பியிருக்கு, கிழக்க அடிவானத்துல இருட்டுக் கோடு கட்டியிருக்கு. விரல விட்டு எண்ணுனான். இன்னிக்கு ஆறாம் நாளு பொழுது சாய மழை இறங்கும், இறங்குனா விடாது. நேரா ராஜாகிட்ட போயி இதச் சொல்லணுமா இல்லையா? சொல்லல. ஏன்னா அவனுக்குப் பத்து வேலி நெலம் இருந்துச்சு, இந்தக் காலத்துக் கணக்குக்கு அறுவது ஏக்கருக்கு மேல. மழை வருதுன்னு பறை அடிச்சா அவனவன் தன் வயலுக்குத்தான் ஓடுவான், இவன் வயல்ல யாரு இறங்குவா? அதனால ராஜாகிட்ட போயி கைகட்டி நின்னு, "மகாராஜா, பதினஞ்சு நாளைக்கு ஒரு சொட்டு விழாது, ஊரு நெல்லு இன்னும் முத்தட்டும், என் வயலு மட்டும் முந்தி விதைச்சது, உதிர ஆரம்பிச்சிடுச்சு, மொதல்ல அத அறுத்துக்கறேன்"னு சொன்னான். ராஜாவும் சரின்னுட்டாரு. பறை அடிச்சாச்சு. எல்லாரும் வானம்பாத்தான் வயல்ல மூணு நாளு அறுக்கணும், தன் வயல்ல எட்டு நாளு கழிச்சுத்தான் அருவா வைக்கணும், மீறுனவன் ஊர விட்டுப் போகணும்.

அந்த ஊருல வேம்பையன்னு ஒரு குடியானவன் இருந்தான். கொஞ்சம் அசடுன்னு பேரு. மனசுல பட்டத அப்படியே கேட்டுப்புடுவான், அதுக்குத்தான் அந்தப் பேரு. ஆத்துப் பள்ளத்துல மூணு மா நெலம், ஒரு ஏக்கருதான். போன வருஷம் வெள்ளம் வந்து மொத்தமும் அழுகிப் போயி, வருஷம் முழுக்க கொட்டிக்கிழங்கத் தோண்டித் தின்னாங்க. இந்த வருஷமும் போச்சுன்னா ஊர விட்டுக் கிளம்பிடறதுன்னு அவன் பொண்டாட்டி பட்டம்மா ஒரு பழைய சேலையில மூட்டை கட்டி மூலையில வச்சிருந்தா. தினமும் காலையில வயலப் பாப்பா, வந்து மூட்டையப் பாப்பா.

அப்ப மேக்கேருந்து கிடை வந்து எறங்கியிருந்துச்சு. கிடைன்னா என்னான்னு தெரியாதா? ஆடு மேய்க்கிறவங்க வருஷா வருஷம் நூறு இருநூறு ஆட்ட ஓட்டிக்கிட்டு வருவாங்க. அறுத்த வயல்ல பகல்ல மேய விட்டு, ராத்திரி அங்கேயே பட்டி போட்டு அடைப்பாங்க. ஆட்டுக்குத் தீனி, வயலுக்கு எரு. அந்தக் கிடைக்காரி பேரு முத்திருளாயி. நல்ல உசரம், கையில தொரட்டி, கூடவே ஒரு வார வயசுல பன்னெண்டு குட்டிங்க. அதுங்கள பஞ்சாரக் கூடையில போட்டு மூடி வச்சிருப்பா. அறுப்பு முடிஞ்சதும் வேம்பையன் வயல்லதான் மொதக் கிடைன்னு பேச்சு.

முத்திருளாயி வேம்பையனத் தேடி வந்தா. "அண்ணே, வந்த மொத நாளு ராத்திரி ஆடு படுக்கல. ரெண்டாம் நாளும் படுக்கல. நேத்தும் படுக்கல, எல்லாம் கிழக்கப் பாத்து மோந்துக்கிட்டே நிக்குதுக. பெருமழை வருது, அறுங்கண்ணே"ன்னா.

பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. கிடைக்காரிக்குத் தாளு வேணும், நாம சீக்கிரம் அறுத்தா அவ ஆட்டுக்குச் சீக்கிரம் தீனி, அதான் மழை வருதுன்னு சொல்றாள்னாங்க. வேம்பையனுக்கும் அப்படித்தான் தோணிச்சு. தோணுமா தோணாதா? அவ சொல்றதுல அவளுக்கு ஆதாயம் இருக்கே.

முத்திருளாயி கோவிச்சுக்கல. மறுநாளு விடிஞ்சதும் கிடையக் கிளப்பிட்டா. பள்ளத்துல முழங்கா உசரத்துக்குப் புல்லு கெடக்கு, அத விட்டுட்டு, வடக்க இருக்கற முள்ளுமேட்டுக்கு ஏத்துறா. அங்க கல்லும் கருவேலமும்தான். பன்னெண்டு குட்டியையும் மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு, மூணு நடை ஏறி எறங்குறா. வேம்பையன் வரப்புல நின்னு பாத்துட்டு, ஏம்மா இப்படி உசிர விடறேன்னு கேட்டான்.

"எம் பேச்ச நம்ப வேணாம்ண்ணே," ன்னா அவ, மூச்சு வாங்கிக்கிட்டு. "பால்குடிக் குட்டியப் பொழுதுபோகாமயா முள்ளுக்காட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன்?"

அப்பத்தான் வேம்பையனுக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. வாய் பொய் சொல்லும், முள்ளுல நடக்கற காலு பொய் சொல்லுமா? ஆனா என்ன பண்றது, பறை அடிக்காம அறுத்தா ஊர விட்டுத் தொரத்திடுவாங்க, அறுக்கலேன்னா மழை தொரத்திடும். ரெண்டுக்கும் பட்டம்மா மூட்டை தயாரா இருக்கு.

அப்பறம் அவனும் எல்லாரோடயும் வானம்பாத்தான் வயல்ல அறுக்கப் போனான். முத்திருளாயி காலப் பாத்தோமே, இவன் கையையும் பாப்போம்னு அறுக்கறப்பவே கவனிச்சான். மொத நாளு பாத்தா, அடுக்குன நெல்லுக்கட்டு மேல கீத்து வேயறாங்க. "ஐயா, மழைதான் வராதே, கீத்து எதுக்குங்க?"ன்னு கேட்டான். ராத்திரி பனி விழுதுடான்னான் வானம்பாத்தான். எல்லாரும் சரிதானேன்னாங்க.

ரெண்டாம் நாளு பாத்தா, பள்ளத்துல கெடந்த நெல்லுக்கட்டெல்லாம் மேட்டுக்களத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க. "ஐயா, வழக்கமா வயல்லதானே காயும், மேட்டுக்கு எதுக்குங்க?"ன்னான். பள்ளத்துல எலி ஜாஸ்திடான்னான். எல்லாரும் அதுவும் சரிதானேன்னாங்க. தூங்கிட்டியாடா சின்னவனே? ஊங் கொட்டு.

மூணாம் நாளு அறுப்பு முடியற நேரம், ராஜாவே அறுப்பு எம்புட்டு ஆச்சுன்னு பாக்க யானை மேல வந்துட்டாரு. கிழட்டு யானை வந்ததும் வராததுமா ஒரு நெல்லுக்கட்ட இழுத்துப் பொக்க வாயில குதப்ப ஆரம்பிச்சிடுச்சு. வானம்பாத்தான் ஆளுங்க நாலு பேரு அந்தப் பக்கம் மம்பட்டியோட களத்தச் சுத்தி வாய்க்கா வெட்டிக்கிட்டு இருந்தாங்க. ராஜா நல்ல அறுப்பு, நல்ல அறுப்புன்னு சொல்லிக்கிட்டு இருக்கறப்ப வேம்பையன் முன்னாடி வந்து கும்புட்டான்.

"மகாராஜா, எனக்குப் புத்தி மட்டு, நீங்கதான் வெளங்க வைக்கணும். பனிக்குன்னு கீத்து போட்டாரு, சரி. எலிக்குன்னு மேட்டுல ஏத்துனாரு, சரி. இப்ப களத்தச் சுத்தி வாய்க்கா வெட்டுறாரே, வெயிலு வடியறதுக்குங்களா?"

மம்பட்டிச் சத்தம் அப்படியே நின்னு போச்சு. அறுத்தவங்க எல்லாரும் நிமிந்தாங்க. ராஜா யானை மேலேருந்து வாய்க்காலப் பாத்தாரு, கீத்தப் பாத்தாரு, அத்தன வருஷத்துல மொத தடவையா அண்ணாந்து வானத்தையும் பாத்தாரு. அவருக்கு அதுல ஒண்ணும் புரியல, ஆனா பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி வேர்க்கறது நல்லாப் புரிஞ்சுது.

"கனகசபாபதி, உம்ம வாயாலயே இன்னொரு தரம் சொல்லும். மழை வருமா, வராதா?"

வருமுன்னு சொன்னா ராஜாகிட்ட பொய் சொன்ன குத்தம். வராதுன்னு சொன்னா? இப்போதைக்குத் தப்பிச்சாப் போதும்னு, வராது மகாராஜான்னான். மூணு தரம் கேட்டாரு, மூணு தரமும் வராதுன்னான்.

"அப்ப நல்லதாப் போச்சு," ன்னாரு ராஜா. "கீத்த எடுங்க. நெல்லுக்கட்டெல்லாம் பழையபடி பள்ளத்துலயே பிரிச்சுக் காயப் போடுங்க. பதினஞ்சு நாளு வெயிலு வீணாகக் கூடாது. வாய்க்கால மூடுங்க. உம்ம சொல்ல நான் நம்பறேன், நீரும் நம்பும். மத்தவங்க அவங்கவங்க இஷ்டம், நம்பறவன் இருக்கட்டும், நம்பாதவன் இப்பவே போயி அறுக்கட்டும்."

அவ்வளவுதான், ஊரே பிச்சுக்கிட்டு ஓடுச்சு. யாரு வயலு யாருதுன்னு பாக்கல, பள்ளத்துலேருந்து ஆரம்பிச்சு மேட்டுக்கு அறுத்துக்கிட்டே போனாங்க. முத்திருளாயியும் ஆட்ட மேட்டுல அடைச்சிட்டு, தன் ஆளுங்கள இட்டுக்கிட்டு அருவாளோட எறங்கி வந்தா. தாளுக்காகப் பொய் சொல்றாள்னு சிரிச்சவங்க வயல்லயும் அவ அறுத்தா, யாரும் அவ மூஞ்சிய நிமிந்து பாக்கல. வேம்பையன் வயல கடைசியாத்தான் அறுத்தாங்க. அவன் அடுத்தவன் வயல்ல நின்னுட்டான், அசடு இல்லையா அவன்.

ஆறாம் நாளு பொழுது சாஞ்சுது. வானம்பாத்தான் கணக்கு ஒரு நாழிகை பிசகல. வேம்பையனோட கடைசிக் கட்டு பட்டம்மா தலையில இருக்கறப்ப மொத சொட்டு விழுந்துச்சு. அவ ஓடல. ஒரு வருஷமா ஓடிக்கிட்டு இருந்த பயமெல்லாம் எறங்குன மாதிரி, நனைஞ்சுக்கிட்டே மெதுவா நடந்து வந்து கட்ட எறக்கிட்டு, குந்தி உக்காந்து அழுதா. எல்லார் நெல்லும் தப்பிச்சுதுன்னு சொன்னா அது பொய்யி, கிழக்குக் கரைக்காரங்களுக்குப் பாதி போயிடுச்சு. ஆனா பாதி வந்துச்சு.

வானம்பாத்தான் நெல்லு? பள்ளத்துல பிரிச்சுக் கெடந்துச்சே, கணுக்கால் தண்ணி, முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி. அவன் மழையில ஒத்தக் கீத்தத் தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடுனான். பத்து வேலி நெல்ல ஒரு கீத்து மூடுமா? ஏழு நாளு கழிச்சு வெள்ளம் வடிஞ்சப்ப கெடந்த கதிர்லயே நெல்லு மொளச்சுப் பச்சப்பசேல்னு நின்னுச்சு. முத்திருளாயி ஆடுங்க மேட்டுலேருந்து எறங்கி வந்து அதத்தான் மேஞ்சுதுங்க. பன்னெண்டு குட்டிக்கும் மொதப் புல்லு வானம்பாத்தான் வீட்டுப் புல்லு.

ராஜா அவன் தலைய வாங்கல. பறைக்கு நாள் சொல்ற வேலையப் புடுங்கிட்டு, வருஷா வருஷம் கிடை வர்றப்ப குட்டிங்கள மேட்டுக்குத் தூக்கற வேலையக் குடுத்தாரு. அன்னிலேருந்து ராஜா காலையில ரெண்டு கேள்வி கேக்கறதில்ல, ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு, அதுவும் முத்திருளாயிகிட்ட ஆளனுப்பி: "ஆடு படுத்துச்சாம்மா?"

பட்டம்மா அந்த மூட்டைய அவுத்தா. அந்தச் சேலையிலதான் புது நெல்லக் கட்டி மாரியம்மனுக்குப் புதிரு, அதான் மொத அறுப்புப் படையல், கொண்டு போனாளாம்.

எங்க ஊருக்குக் கிடை வர்றப்ப, எங்கப்பாவும் வரப்புல நின்னு மொதல்ல இதத்தான் கேப்பாரு. "ஆடு படுத்துச்சா ஆத்தா?"ன்னு. அவங்க படுத்துச்சுன்னா அன்னிக்கு எங்க வீட்ல எல்லாரும் நிம்மதியாத் தூங்குவோம். கிடை வந்து எத்தன வருஷம் ஆச்சு, அந்த ஆட்டு மணிச்சத்தத்த இன்னொரு தரம் கேக்கணும்னு இருக்கு எனக்கு.

அதனால கண்ணுங்களா, வானம் என்னிக்கும் பொய் சொல்லாது, பாத்துச் சொல்றவன்தான் சொல்லுவான். அவன் வாயப் பாக்காதீங்க, அவன் தன் வீட்டு நெல்லுக்கட்ட எங்க அடுக்குறான்னு பாருங்க.

கதையறுத்துக் கட்டும் கட்டியாச்சு, களத்துலயும் ஏத்தியாச்சு, உதிர்ந்த மணி உங்களுக்கு. எந்திரிங்க, வெயிலு அடிக்கறப்பவே கொடியில கெடக்கற துணிய எடுத்துட்டு வாங்க. சர்க்கரை டப்பா எறும்பு காலையிலேருந்து முட்டையத் தூக்கிக்கிட்டுச் செவுத்துல ஏறுது.