கூடையில் ஏறிய குழவிக்கல்

ஒரு காட்டில், மலையடிவாரத்து ஓடைக்கு இந்தப் பக்கம், பூவரசி என்றொரு சருகுமான் இருந்தது. முயல் உயரமே உள்ள சின்ன மான். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கொக்கு வைத்தியரிடம் அதற்கு வேலை. தினமும் காலையில் கஷாயம் காய்ச்சி, ஆறு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, சைக்கிளில் கொண்டுபோகும். சாயங்காலம் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்.

கெட்டிக்காரப் பூவரசிக்கு ஒரே ஒரு குறைதான், குழந்தைகளே. முகதாட்சண்யம்! யார் எது கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அதற்கு நாக்கு எழும்பாது.

அதுவரை புட்டிகளைத் துணிப்பையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனது. பை சக்கரத்தில் உரசி உரசி ஓட்டையாகிவிட்டது. அதனால் ஒருநாள் தூக்கணாங்குருவியின் கடைக்குப் போனது. கூடையும் பையும் பின்னுவதில் குருவிக்கு ஈடு கிடையாது.

"முதல்ல என்னென்ன ஏத்தப் போறேன்னு சொல்லு, தங்கச்சி" என்றது குருவி.

"ஆறு புட்டி, சாப்பாட்டுத் தூக்கு, மழைக்கோட்டு. வரும்போது எனக்கு மட்டும் கொஞ்சம் காய்."

"அப்போ பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி மூடி வச்ச பை போதும். புட்டி ஆடாம இருக்க உள்ளே அறை அறையா தைச்சுத் தர்றேன்."

பூவரசி தலையாட்டுவதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பையா? அதுல என்னத்தைப் போடுறது?"

பக்கத்து வீட்டு உடும்பு! எப்போதும் சிரித்த முகம். பிடித்தால் விடாது. அதனிடமும் நல்ல சைக்கிள் ஒன்று உண்டு. டயர் தேய்ந்துவிடும் என்று சாக்குப் போட்டு மூடியே வைத்திருந்தது.

"வாங்குறதே வாங்குறே, பெருசா வாங்கு பூவரசி. அதோ பார், அந்த மூங்கில் கூடை! நாலு பேருக்கு உதவும்ல?" என்றது உடும்பு.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். ஆனால் மறுத்துப் பேசப் பூவரசிக்கு வாய் வரவில்லை. பெரிய கூடை சைக்கிளின் பின்னால் ஏறியது.

மறுநாள் காலை உடும்பு ஒரு மூட்டை அரிசியோடு வாசலில் நின்றது. "போற வழியிலதானே மாவு மில்? அரைச்சு வாங்கிட்டு வந்துடு. கூடையிலதான் இடம் இருக்கே!"

அடுத்த நாள் காட்டுப்பன்றி தன் மருமகனுக்குச் சேனைக்கிழங்கு கொடுத்தனுப்பியது. அதற்கு அடுத்த நாள் முள்ளம்பன்றி கிழிந்த பாய் இரண்டைச் சுருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். "கூடையிலதான் இடம் இருக்கே!"

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? பூவரசிக்குக் கால் வலித்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே மிதித்தது.

ஒருநாள் உடும்பு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"இது வழவழன்னு ஆயிடுச்சு. மரங்கொத்திகிட்டக் கொடுத்துக் கொத்தி வாங்கிட்டு வா."

"அண்ணே, இன்னிக்குக் கரடிக் குட்டிக்கு மருந்து கொண்டுபோகணும். மூணு நாளாக் காய்ச்சல்."

"மருந்து ஒரு மூலையில கிடக்கட்டும். கல்லு என்ன பண்ணப்போகுது?" என்று சொல்லி, உடும்பு தன் கையாலேயே குழவியைக் கூடையில் வைத்தது.

ஓடைப் பாலத்து இறக்கத்தில் சைக்கிள் ஒரு குழியில் இறங்கி ஏறியது. கூடைக்குள் கல் உருண்டது. படக், படக், படக்! ஆறு புட்டியும் போயிற்று. கஷாயம் மூங்கில் இடுக்கு வழியே ஒழுகி வழி நெடுகச் சொட்டியது.

வைத்தியசாலை வாசலில் தாய்க்கரடி குட்டியை மடியில் போட்டுக் காத்திருந்தது. கூடையை எட்டிப் பார்த்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பினேன். நீ குழவிக்கல்லு கொண்டாந்திருக்கியே, அம்மா" என்றது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். பூவரசி அழுதுவிட்டது.

கொக்கு வைத்தியர் சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள வேற மருந்து காய்ச்சிக் கொண்டா. இல்லேன்னா நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

பூவரசி நேரே குருவியின் கடைக்கு ஓடியது. அங்கே ஆணியில் இரண்டு பைகள் தயாராகத் தொங்கின.

"அன்னிக்கே தைச்சு வச்சுட்டேன். நீ திரும்பி வருவேன்னு தெரியும்" என்றது குருவி.

பூவரசி கூடையைக் கழற்றியது. பைகளை மாட்டியது. வீட்டுக்குப் போய் மருந்து காய்ச்சி வேறு ஆறு புட்டிகளில் ஊற்றியது. ஒவ்வொரு புட்டியும் ஒவ்வோர் அறையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெரிய கூடையைக் குழவிக்கல்லோடு உடும்பின் வாசலில், அதன் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே வைத்தது.

"என்ன பூவரசி, கல்லைக் கொத்தாமக் கொண்டாந்துட்டே? திரும்ப எடுத்துட்டுப் போ!" என்றது உடும்பு.

"பையில இடம் இல்லே அண்ணே."

பொய்யில்லை, குழந்தைகளே. அந்தப் பையில் இனி ஓர் எலுமிச்சம்பழம் வைக்கவும் இடமில்லை.

"அப்போ இந்தக் கூடை?"

"நீங்களே வச்சுக்குங்க. நாலு பேருக்கு உதவும்னு நீங்கதானே சொன்னீங்க."

பொழுது சாய்வதற்குள் மருந்து போய்ச் சேர்ந்தது. கரடிக் குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தது. இரண்டு நாளில் எழுந்து விளையாடியது. பூவரசியின் வேலையும் நிலைத்தது.

மருந்து கொடுத்த மறுநாள் காலை பூவரசி கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலிலோ ஒரே கூட்டம்! காட்டுப்பன்றி கிழங்கோடு நின்றது. முள்ளம்பன்றி பாயோடு நின்றது.

"கூடையும் இருக்கு, சைக்கிளும் இருக்கு. வா உடும்பண்ணே, கிளம்பு!" என்று கூப்பிட்டன.

பிடித்தால் விடாத உடும்பு அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரத்தில் ஏறி ஒளிந்துகொண்டது. பூவரசி மணியடித்துக்கொண்டே அந்த வழியாகப் போயிற்று.

நீதி: கூடை வாங்குமுன் உன் சுமையை அளந்து பார்; அளவறியாமல் வாங்கிய கூடையில் அடுத்தவர் குழவிக்கல் ஏறும்.