அரண்மனைக்குள் வளர்ந்த அரசு

மணற்குடி ராஜா திருமேனி பூபதிக்கு ஒரு ஆசை வந்துவிட்டால் அடைமழை மாதிரிதான், லேசில் விடாது. கப்பல் வியாபாரி ஒருவன் தட்டில் வளர்ந்த முழ உயரக் குள்ளமரம் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். ராஜா அதைப் படுக்கையறையில் வைத்தார். அதுவோ பனியும் திறந்தவெளியும் கேட்கும் ஊசியிலை ஜாதி. பத்தே நாளில் துடைப்பக்குச்சி ஆகிவிட்டது. அடுத்து வைத்த குட்டி மாதுளைக்கும் அதே கதி.

பழி தோட்டக்காரர் மாடக்கண்ணு தலையில் விழுந்தது.

"இவனுக்குக் கைராசி கிடையாது, மகாராஜா" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார் விருத்தகிரி. அரண்மனைச் சுவர்களைப் பழுதுபார்க்கும் மராமத்து அதிகாரி அவர். சுவரில் சுண்ணாம்பு பூசுவதைவிட அடுத்தவர் முகத்தில் கரி பூசுவதில் கெட்டிக்காரர். தோட்டக்காரர் வேலைக்கு அவருடைய மைத்துனன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு மரம்!" என்றார் ராஜா. "அறைக்குள் ஒரு மாதம் வாடாமல் நிற்கவேண்டும். வாடினால் மாடக்கண்ணு குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான்."

மாடக்கண்ணு அமைச்சர் சாத்தப்பனிடம் ஓடினார். "நாலு புள்ளைங்களோட நான் எங்க சாமி போவேன்? எந்த மரத்தைத்தான் வைக்கிறது?"

"வெளியே வளர்ந்ததை உள்ளே வைத்தால் வாடத்தான் செய்யும். உள்ளேயே வளர்ந்ததாகப் பார்ப்போம், வா."

இருவரும் ஏணியும் உளியுமாக அரண்மனைக்குள் போனார்கள்.

ஒரு மாதம் ஆயிற்று. ராஜாவின் சாளரத்தருகே தட்டில் நின்ற குட்டி மரம் வாடவில்லை. இரண்டு தளிர் வேறு விட்டிருந்தது.

"இது என்ன மரம்?" என்று சபையில் கேட்டார் ராஜா.

"அரசு, மகாராஜா" என்றார் சாத்தப்பன். "அரண்மனைக்குள் அரசு தழைக்காமல் வேறெது தழைக்கும்? ஏழு வருஷமாக இங்கேயே வளர்ந்தது."

"ஏழு வருஷமா! வளர்த்தவர் யார்? தகுந்த பரிசு தரவேண்டுமே!"

"நம் விருத்தகிரிதான்."

விருத்தகிரி திகைத்தார். ஆனால் பரிசு என்ற சொல் காதில் விழுந்ததும் திகைப்பு பறந்துவிட்டது. "ஆமாம், மகாராஜா! எல்லாம் என் நேரடி மேற்பார்வையில்தான். வேறு யாரையும் கிட்டே விடவில்லை."

"பேஷ்! எந்த இடத்தில் வளர்த்தீர்?"

விருத்தகிரி சாத்தப்பன் பக்கம் திரும்பினார். சாத்தப்பன் பணிவாகச் சொன்னார்: "அவருடைய மராமத்து அறையில்தான், மகாராஜா. அவர் ஆசனத்துக்கு நேர் மேலே, சுவர் விரிசலில்."

ராஜாவின் முகம் சிவந்தது. "மேற்பார்வை என்றீரே, ஓய்!"

"அவர் சொன்னதில் பாதி உண்மை, மகாராஜா. மரம் மேலேதான் இருந்தது. பார்வைதான் போகவில்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடக்கண்ணுவுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. சொன்ன சொல் தவறாத ராஜா விருத்தகிரிக்கும் தகுந்த பரிசு கொடுத்தார்: விரிசல்களைத் தம் கையாலேயே பூச ஒரு சாந்துச்சட்டி. சுண்ணாம்பு குழைக்க மைத்துனனுக்கும் அன்றே வேலை கிடைத்துவிட்டது.