அரியணைக்குள் ஓர் அணை

நெடுங்காலத்துக்கு முன்னால் மருதங்குடி நாட்டை விசித்திரசூடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சண்டையில் ஆசையில்லை, சாப்பாட்டிலும் பெரிய ஆசையில்லை. பட்டப்பெயர் என்றால் மட்டும் உயிரை விடுவார். அவர் சபைக்குள் நுழைந்ததும் கட்டியக்காரர் எல்லாப் பட்டங்களையும் உரக்கச் சொல்வார். ஒரு பட்டம், முரசில் ஒரு அடி. அடுத்த பட்டம், அடுத்த அடி. முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. புதிதாகப் பட்டம் சூட்டுகிறவர் கேட்டதை ராஜா கொடுத்துவிடுவார்.

இந்த வழக்கத்தில் நன்றாகக் கொழுத்தவர் ஆஸ்தானப் புலவர் அகண்டவித்தகர். தை மாதம் ‘வேங்கை மார்பன்’ என்று சூட்டி வைரக் கடுக்கன் வாங்கினார். ஆடியில் அதே ‘வேங்கை மார்பன்’ சூட்டிப் பல்லக்கு வாங்கினார். ஆவணியில் மூன்றாம் முறையும் அதையே சூட்டிப் பரிசு வாங்கினார். ஏற்கெனவே இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? வருவதையெல்லாம் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டே போனார்கள். அமைச்சர் சோலைமலையாருக்கு மட்டும் ஒவ்வொரு வேங்கைக்கும் பல் நறநறக்கும். சொல்லிப் பார்த்தார். “உமக்குப் பொறாமை ஐயா” என்றார் ராஜா.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலை. பூங்காவனம் என்ற உழவுப் பெண் சேறு அப்பிய காலோடு சபைக்குள் ஓடிவந்தாள்.

“மகாராசா, பெரிய ஏரிக்கரை...”

காவலர்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். கட்டியம் நடந்துகொண்டிருந்தது. வேங்கை மார்பன், டம். அரியணை அழகன், டம். மறுபடியும் வேங்கை மார்பன், டம். எல்லாம் ஓய்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

“இப்போது சொல் அம்மா” என்றார் ராஜா.

“இனி என்னத்தைச் சொல்ல மகாராசா? கரை கசியுதுன்னு சொல்ல வந்தேன். இந்நேரம் உடைஞ்சிருக்கும்.”

உடைந்துதான் போயிருந்தது. ஊர்க்காரர்கள் மேட்டில் ஏறித் தப்பித்தார்கள். நட்ட பயிரெல்லாம் மண்மூடிப் போயிற்று. செய்தி கேட்ட ராஜாவுக்கு முகம் தொங்கிவிட்டது. இதுதான் சமயம் என்று சோலைமலையார் எழுந்தார்.

“அரசே, வேங்கை மார்பன் இன்று மட்டும் மூன்று தடவை வந்தான். இனி ஒரு பட்டத்தைச் சேர்க்குமுன் அது வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லாவிட்டால்தான் சேர்ப்பது.”

“அருமையான யோசனை! அந்தப் பொறுப்பு புலவருக்கே. பட்டங்களைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?”

புலவர் சோலைமலையாரைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

அதன்பிறகு யார் என்ன பட்டம் கொண்டுவந்தாலும், “முன்பே இருக்கிறது, போ” என்று புலவர் விரட்டினார். கார்த்திகை மழைக்கு முன் கரையைக் கட்டியாக வேண்டுமே என்று பூங்காவனமும் ஒரு பட்டத்தோடு வந்து நின்றாள்.

“நான் படிச்சவ இல்ல மகாராசா. எங்களுக்கு நீங்க ‘அணை’ மாதிரி நிக்கணும். அதான் பட்டம். கல்லும் ஆளும் குடுத்தாப் போதும்.”

ராஜாவுக்குக் கண் கலங்கியது. புலவர் கையை உயர்த்தினார். “செல்லாது! ‘அரியணை அழகன்’ என்று இருக்கிறதே. அரி... யணை. அணை உள்ளேயே இருக்கிறது. இருப்பதை எப்படிச் சேர்ப்பது?”

பூங்காவனம் தலை குனிந்து திரும்பினாள். “கொஞ்சம் நில்லு தாயி” என்றார் சோலைமலையார். அவருக்கு உள்ளே கொதித்தது. குரலில் மட்டும் தேன் ஒழுகியது. “புலவரே, ஒரு பட்டத்தின் வயிற்றுக்குள் கிடக்கிற சொல்லையும் சபையில் சொன்னதாகத்தான் கொள்ள வேண்டுமா?”

“சந்தேகமென்ன? காதில் விழுந்தால் சொன்னதுதான்.”

“அப்படியானால் நானும் ஒரு பட்டம் சொல்கிறேன், பாரும். ‘திருடன்’.”

சபை அதிர்ந்தது. ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று.

“பதற வேண்டாம் அரசே, நான் எதையும் சேர்க்கவில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. ‘செங்கதிருடன் உதித்தோன்’ என்று சூட்டிப் புலவர் மாடிவீடு வாங்கினாரே! கட்டியக்காரரே, அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லும்.”

“செங்... க... திருடன்...” கட்டியக்காரர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“புலவரே!” என்று ராஜா கர்ஜித்தார். “தினமும் காலையில் முரசடித்தா என்னைத் திருடன் என்றீர்?”

“ஐயோ, இல்லை அரசே! அது ‘கதிருடன்’! துண்டாக வெட்டிக் கேட்கக் கூடாது. முன்னால் ஒரு முரசு, பின்னால் ஒரு முரசு, நடுவில் உள்ளது முழுசும் சேர்ந்துதான் ஒரு பட்டம்!”

“அதைத்தான் உம் வாயால் கேட்க நினைத்தேன்” என்றார் சோலைமலையார். “கட்டியக்காரரே, முதல் பட்டத்துக்கு முன்னாலும் ஓர் அடி சேர்த்துச் சொல்லும். டம், அணை, டம் என்று எங்கேயாவது வருகிறதா?”

கட்டியக்காரர் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். “இல்லை ஐயா.”

“டம், வேங்கை மார்பன், டம்?”

“அது... மூணு தடவை வருதுங்க.”

ராஜா எழுந்து நின்றார். “அணையைச் சேருங்கள். ஒன்றைத் தவிர மற்ற வேங்கைகளைத் துரத்துங்கள். அம்மா, கல்லும் ஆளும் இன்றைக்கே புறப்படும். புலவரின் பல்லக்கு கல் சுமக்கட்டும். பல்லக்கைப் புலவர் சுமக்கட்டும்.” தன் முத்துமாலையைக் கழற்றிச் சோலைமலையார் கழுத்தில் போட்டார்.

சில நாள் ராஜா அடங்கியிருந்தார். அப்புறம் ஆசை மெல்லத் தலைநீட்டியது.

“அமைச்சரே, ‘தற்பெருமை இல்லாதவன்’ என்று வரிசையில் இருக்கிறதா, பாரும்.”

சோலைமலையார் கண்ணை மூடிக் கட்டியத்தை முழுவதும் கேட்டார். “இல்லை அரசே.”

“நன்றாகப் பார்த்தீரா?”

“இரண்டு பக்கமும் முரசு வைத்துப் பார்த்தேன். சொற்களின் வயிற்றுக்குள்ளும் தேடினேன். அப்படி ஒன்று எங்கேயும் இல்லவே இல்லை.”

“அப்படியென்றால் சேர்த்துவிடும்!” என்று ராஜா மீசையை முறுக்கினார். சபையில் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். மீசையில் இருந்த ராஜாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“சரி, அதை விடும்” என்றார். “ஏரிக்கரை எதுவரைக்கும் எழும்பியிருக்கிறது?”