ஏரிக்கு வந்த விருந்தாளி

முன்னொரு காலத்தில் நெடுவாய்க்கால் நாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டான். புதுசாக எதைப் பார்த்தாலும் சொக்கிப்போவான். அமைச்சர் இளநாகர் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பரிமேலர் என்ற பிரபு, கடல்கடந்து வந்த ஊதாப்பூ நீர்ச்செடி ஒன்றை ஒருநாள் சபையில் நீட்டினார்.

"அடடா! நம் ஏரிக்கு வந்த விருந்தாளி இது. யாரும் கை வைக்கக் கூடாது!" என்றான் ராஜா. பரிமேலருக்கு 'மலர்வேள்' பட்டமும் கிடைத்தது.

ஒரு மழைக்காலம் போவதற்குள் செடி ஏரி முழுக்கப் பாய் விரித்துவிட்டது. அடியில் தண்ணீர் கறுத்து நாறியது. அல்லிக்கொடி அழுகியது. அயிரையும் கெளுத்தியும் செத்து மிதந்தன. வலை போட இடமில்லாமல் நாலு செடியைப் பிடுங்கி எறிந்த மீன்காரி அங்காயியைச் சேவகர்கள் இழுத்துவந்தார்கள்.

"விருந்தாளியை விரட்டினாயா? கசையடி!" என்றான் ராஜா.

"அது விருந்தாளி இல்ல சாமி, வீட்டையே முழுங்குற பூதம்!" என்றாள் அங்காயி.

"விருந்தோம்பல் தெரியாத ஜென்மம்," என்று உதட்டைச் சுழித்தார் பரிமேலர்.

இளநாகர் எழுந்தார். "அரசே, சட்டம் எல்லாருக்கும் பொது. விருந்தாளியை வெளியே போகச் சொல்பவர் யாரானாலும் கசையடி என்று பறையறைவியுங்கள். பௌர்ணமியன்று எல்லாரையும் சேர்த்தே தண்டிக்கலாம்."

"அட, என் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாரே!" என்றார் பரிமேலர். ராஜாவும் தலையாட்டினான்.

அன்றைக்கே ஒரு மல்லன், "மாமா, விருந்துக்கு வந்திருக்கேன்" என்று பரிமேலர் வீட்டு ஊஞ்சலில் சாய்ந்தான். மறுநாள் அவன் தம்பிகள் வந்தார்கள். அப்புறம் தம்பிகளின் மச்சான்கள், மச்சான்களின் பங்காளிகள். சோற்றுப்பானை காலி, கிணறு கலங்கல். பரிமேலர் குடும்பம் மாட்டுத்தொழுவத்தில் படுத்தது.

பௌர்ணமிக்கு முன்பே சபைக்கு ஓடிவந்தார். "அரசே! என் வீட்டில் மூச்சுவிட இடமில்லை!"

"வெளியே போகச் சொல்லிப் பார்த்தீரா?" என்று பரிவாகக் கேட்டார் இளநாகர்.

"தொண்டை வற்றச் சொன்னேன் ஐயா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை சிரித்தது.

இளநாகர் சிரிக்கவில்லை. "இவருக்காவது ஓடிவந்து முறையிட வாய் இருக்கிறது, அரசே. அயிரை யாரிடம் போய்ச் சொல்லும்?"

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கினான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். "கசையடி யாருக்கும் வேண்டாம். அங்காயி, இனி ஏரிக்காவல் உன்னுடையது. மலர்வேள் உன் கையாள்."

இடுப்பளவுச் சேற்றில் பரிமேலர் இறங்கினார். பின்னாலேயே, இளநாகர் அனுப்பிவைத்த அந்த மல்லர்களும் இறங்கினார்கள்.

"வேரோட இழுங்க, மலர்வேளே! இல்லேன்னா மச்சான்களைக் கூட்டிட்டு வந்துடும்!" என்று கரையிலிருந்து கத்தினாள் அங்காயி.

அதற்கப்புறம் யார் புதுச்செடி கொண்டுவந்தாலும் ராஜா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதற்கு மச்சான், பங்காளி எத்தனை பேர்?"