தகட்டைக் காணோம்

"மேடம், இதுக்கு மேல என்ன வேணும்? எவ்வளவு அடிச்சாலும் உடைய மாட்டேங்கு!"

இசக்கியப்பன் சுத்தியலை ஓங்கி இன்னொரு போடு போட்டார். அவர் செய்த மண்டையோட்டுத் தகடு 'ணங்'கென்றது. அவ்வளவுதான்.

பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராக வந்த மனுசன். சுத்தியலுக்குத் தாங்காத எதையும் நம்ப மாட்டார்.

ஏன் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் கோமதி மாடிப்படியில் விழுந்தாள். ஆபரேஷனில் எடுத்த மண்டையோட்டு எலும்பைத் திருப்பி வைக்க முடியவில்லை. நெற்றிக்கு மேலே பள்ளம். பாவம் பிள்ளை, வீட்டுக்குள்ளேயும் ஹெல்மெட்டோடு திரிகிறது.

அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டி பரக்கத் நிஷா அவரைவிட ரொம்ப இளையவர். தகட்டை வாங்கிப் பார்த்தார். தன் டம்ளரில் இருந்த டீயை அதன் மேல் ஊற்றினார்.

"ஐயையோ, மேடம்!"

டீ வழிந்து மேசைக்கு ஓடியது.

"உள்ள இறங்கலையே அண்ணாச்சி. எலும்பு எந்த வழியா வரும்?"

"எலும்பு எதுக்கு வரணும்? அதான் தகடு இருக்குல்லா?"

"பாப்பா வளருவா. தகடு வளருமா?"

அவருக்குச் சுருக்கென்றது.

"எலும்புல உள்ள சுண்ணச்சத்துத் தூளோட, உடம்புல கரையுற பிளாஸ்டிக்கைச் சேருங்க. உள்ளே பூரா பொடிப்பொடித் துளையா விடுங்க."

"கரைஞ்சு போற சாமானையா எம்பிள்ள தலையில வைக்க? நல்லாருக்கு கதை!"

முனகிக்கொண்டேதான் செய்தார். வந்த தகடு சுத்தியலைக் கண்டாலே உதிர்ந்துவிடும் போல இருந்தது. டாக்டர்கள் முதலில் ஒரு செம்மறிக் கிடாவின் மண்டையில் அதைப் பொருத்தினார்கள். வெறுத்துப்போன மனுசன் கொட்டில் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மறு வருடம் கிடாவின் ஸ்கேன் வந்தது. படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா? தகட்டைக் காணோம்! படம் பூரா வெறும் எலும்பாத்தான் கிடக்கு. எல்லாம் போச்சு, மேடம். எம்பிள்ளைக்கு ஹெல்மெட்டுதான் கதி."

நிஷா அவரைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார்.

"எந்த இடத்துல வச்சோம்? தொட்டுக் காட்டுங்க."

இசக்கியப்பன் கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு மயிருக்குள் விரலை விட்டார். இங்கேதான். இல்லை, இங்கே. அழுத்தித் தடவினார். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை.

கிடாவும் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? தலையை உதறிக்கொண்டு பின்னால் போனது. குனிந்தது. ஓடிவந்து விட்டதே ஒரு முட்டு!

மனுசன் புல்லுக்கட்டின் மேல் மல்லாக்க விழுந்தார். கிடா ஒன்றும் நடக்காதது போலத் தழையைக் கடிக்கப் போய்விட்டது.

நிஷா பதறிப்போனார். "அண்ணாச்சி! அடி பலமா?"

அவர் கிடாவின் தலையையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நல்ல பலம், மேடம். கோமதிக்கு எப்போ வைக்கலாம்?"