கரடி வாங்கிய தொலைநோக்கி

ஒரு காட்டில் பொம்மையன் என்று ஒரு கரடி இருந்தது. மேற்கு மலைக்கு மேலே மூன்றே மூன்று நாள், மாலையில் ஒரு வால்நட்சத்திரம் தெரியும் என்று கேள்விப்பட்டது. அவ்வளவுதான்! அதுவரை வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காத கரடி, ஒரே நாளில் வானியல் மேதை ஆகிவிட்டது.

நேராக நரி சிங்காரத்தின் கடைக்குப் போனது.

"நல்ல தொலைநோக்கி ஒன்று கொடு!"

"உங்களைப் போன்ற மேதைக்குச் சாதாரணக் குழாயைக் கொடுத்தால் எனக்குப் பாவம் சேரும்!" என்ற நரி, ஒரு பெரிய பெட்டியை இழுத்துப் போட்டது. "அறுநூறு மடங்கு பெரிதாக்கும்! பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பாருங்கள்!"

படத்தில் வானம் சிவப்பும் நீலமுமாகத் தீபாவளி கொண்டாடியது. கரடி சொக்கிப்போனது. மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த தேனடையை எல்லாம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தது.

வழியில் மரக்கிளையில் இருந்த பெரிய கண்களுள்ள தேவாங்கு செங்கமலம் பெட்டியைப் பார்த்தது.

"அண்ணே, வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரியும். முதலில் கண்ணால் வானத்தைப் பழகுங்கள். அப்புறம் ஒரு சின்ன பைனாகுலர் போதும். தொலைநோக்கிதான் வேண்டுமென்றால் மடங்குக் கணக்கை நம்பாதீர்கள். முன்கண்ணாடி அகலமா, கால் ஆடாமல் நிற்குமா என்று பாருங்கள்."

"கண் பெரிதாக இருந்தால் அறிவும் பெரிது என்று நினைப்போ!" என்று கரடி சிரித்தது.

முதல் நாள் மாலை முழுவதும் குழாயை மாட்டுவதிலேயே போயிற்று. மாட்டி முடித்தபோது நான்கு திருகாணி மிச்சம். வானத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டாம் நாள் கரடி குழாயில் கண்ணை வைத்தது. ஒரே இருட்டு!

"ஐயோ, வானத்தை யாரோ மூடிவிட்டார்கள்!"

"வானம் திறந்துதான் இருக்கிறது. நீங்கள்தான் குழாயின் மூடியைக் கழற்றவில்லை," என்றது வேடிக்கை பார்க்க வந்த ஒரு முயல். கரடி அதைக் கண்டுபிடித்துக் கழற்றுவதற்குள் வால்நட்சத்திரம் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காடே பாறைமேல் கூடியது. மலைக்கு மேலே வெள்ளை வால் நீண்டு விரிந்தது. "ஆகா!" என்று எல்லாம் வாய் பிளந்து நின்றன. கரடி மட்டும் குனிந்திருந்தது. அது மூச்சு விட்டாலே குழாயின் கால்கள் நடுங்கின.

"தெரிகிறது! வெள்ளையாக ஏதோ ஆடுகிறது!"

"அது என் காது," என்றது முயல்.

தேவாங்கு கெஞ்சியது. "அண்ணே, தலையை மட்டும் நிமிர்த்துங்கள்! ஒரே ஒரு தடவை!"

"குறுக்கே பேசாதே! இதோ வந்துவிட்டது!"

கரடி நிமிர்ந்தபோது மலை மட்டும்தான் இருந்தது.

"எங்கே?"

"மறைந்துவிட்டது அண்ணே."

"மறுபடி எப்போது வரும்?"

"இருநூறு வருஷம் ஆகும்."

கரடி அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நரி அருகில் வந்து அன்போடு சொன்னது: "கவலை வேண்டாம்! குழாயைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருங்கள். அப்போது உதவும்!"

கண்ணைப் பழக்காமல் கருவியை வாங்குகிறவன், கடைசிவரை கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.